குதிகாலில் ஏறிய முள்ளும் முதலில் ஓடி வருகிறவர்களும்

போன மாசம் பாலக்கோடு பக்கம் எங்கள் பெரியம்மா வீட்டு மல்பெரித் தோட்டத்தில் தழை அறுக்கப் போனபோது, வரப்போரம் வெட்டிப் போட்டிருந்த சீமைக்கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறிவிட்டது. பிடுங்கினேன், வந்தது. நுனி உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது அப்போது தெரியவில்லை. சாயங்காலம் விண்விண் என்று தெறித்தது, மறுநாள் குதிகால் சிவந்து, தொட்டால் சுடுகிற மாதிரி வீங்கிப் போயிருந்தது. மூன்றாம் நாள் மஞ்சளாகச் சலம் கோத்துக்கொண்டது, தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியது, அன்று ராத்திரி கம்பளி தேடுகிற அளவுக்குக் குளிரும் காய்ச்சலும். "முள்ளு விஷம் ஏறுதுடா, அன்னிக்கே எருக்கம்பால் வெச்சிருந்தா நுனி தானா வந்திருக்கும்" என்றார் பெரியம்மா. நான்காம் நாள் டாக்டர் கீறிவிட்டு நுனியை எடுத்தார், டிடி ஊசி போட்டார், ஆன்டிபயாடிக் எழுதினார், ரத்தம் பார்க்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்த லேப் தம்பி, "கவுன்ட் ஏறியிருக்குண்ணா" என்றான்.

காலை நீட்டிப் படுத்திருந்த நாட்களில் யோசிக்க நேரம் நிறைய இருந்தது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி, சலம், நெறி, காய்ச்சல். இந்த ஏழில் பெரும்பாலானதை முள்ளோ, முள்ளோடு உள்ளே போன பாக்டீரியாவோ செய்யவில்லை, செய்தது என் உடம்பு. விஷம் ஏறுகிறது என்று பெரியம்மா சொன்னது உண்மையில் உள்ளே வேலை நடக்கிறது என்பதன் அடையாளம். அந்த வேலையில் முதலில் இறங்குகிற பகுதிக்குப் பாடப்புத்தகத்தில் இயல்பு நோய்த்தடைக்காப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிறக்கும்போதே கூட வருவது, முன் அனுபவமோ தடுப்பூசியோ கேட்காதது. எதிர்ப்புச் சக்தி என்றாலே நாம், குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி என்ற புரதத்தைப் பற்றித்தான் பேசுகிறோம், ஆனால் புதுக் கிருமி ஒன்றுக்கு எதிராக உருப்படியான அளவில் ஆன்டிபாடி சேர ஒரு வாரமாவது ஆகும். சில பாக்டீரியாக்கள் வசதி கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். ஒன்றே ஒன்று உள்ளே போய் யாரும் தடுக்காமல் விட்டால் எட்டு மணி நேரத்தில் ஒன்றரைக் கோடியைத் தாண்டும். அந்த முதல் வாரத்தை யார் பார்த்துக்கொள்வது?

இதை விளக்குகிறவர்கள் எல்லோரும் ராணுவம், எல்லை, போர்வீரர்கள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கூரை வீடு பற்றிக்கொண்டால் கூப்பிடாமலே குடத்தோடு ஓடி வருகிற ஊர் ஜனம்தான் இதற்குச் சரியான உவமை. யார் வீடு, எப்படிப் பிடித்தது என்று கேட்க மாட்டார்கள், புகை தெரிந்தால் போதும். தண்ணீர் ஊற்றுகிற வேகத்தில் அடுத்த வீட்டு ஓலையையும் பிரித்துப் போடுவார்கள், திண்ணையை மிதித்து நாசமாக்குவார்கள். தீ அணைந்த பிறகு பார்த்தால் தீயால் போனது எது, அணைக்க வந்தவர்களால் போனது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தோல் என்கிற சுவர் இருக்கும்வரை பிரச்சினை அதிகம் இல்லை. வெளிப்பக்கம் காய்ந்த செத்த செல் அடுக்கு, லேசான புளிப்பு, வியர்வை உப்பு. கண்ணீரிலும் எச்சிலிலும் மூக்குச் சளியிலும் பாக்டீரியாவின் சுவரை அரிக்கிற லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதற்குச் சில வருஷம் முன்பே, 1922-இல், இந்த லைசோசைமைப் பற்றி எழுதிவிட்டார். சளி பிடித்திருந்தபோது தன் மூக்குச் சளியையே எடுத்துச் சோதித்துப் பார்த்த மனிதர். முள் ஏறினால் இந்தச் சுவர் எல்லாம் ஒரே குத்தில் வீண்.

உள்ளே ஏற்கெனவே குடியிருப்பவை மேக்ரோபேஜ் என்கிற விழுங்கு செல்கள். தமிழில் பெருவிழுங்கி என்பார்கள், பெயர் பொருத்தம்தான். பாக்டீரியாவைத் தொட்டதும் விழுங்க ஆரம்பிப்பதோடு சைட்டோகைன் என்கிற ரசாயனச் செய்திகளையும் சுற்றிலும் பரப்புகின்றன. பக்கத்தில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன, சிறு ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அவற்றின் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிகிறது. ரத்தம் கூடினால் சிவப்பும் சூடும், நீர் கசிந்தால் வீக்கம், கூடவே சுரக்கிற சில பொருள்கள் நரம்பு முனைகளை உசுப்பிவிட்டால் வலி. இந்த நான்கையும் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் சுமார் 2000 வருஷம் முன்பே ஒரே வரியில் எழுதி வைத்துவிட்டார், காரணம்தான் வெகு காலம் தெரியாமல் இருந்தது.

காரணத்தின் முதல் நுனி கிடைத்ததும் ஒரு முள்ளிலிருந்துதான். 1882-இல் இத்தாலியின் மெசினா ஊரில் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகாஃப், வீட்டில் எல்லோரும் சர்க்கஸுக்குப் போயிருந்த நேரத்தில் நட்சத்திர மீன் குஞ்சுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் குஞ்சுகள் அவை. அவற்றின் உடம்பில் அலைந்து திரிகிற செல்கள் எதற்கு? வெளியிலிருந்து வருவதைச் சூழ்ந்து தின்னவோ? உடனே தோட்டத்தில் ரோஜா முள் சிலவற்றைப் பறித்து வந்து குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். தூக்கம் வராமல் புரண்டு, விடியற்காலையில் போய்ப் பார்த்தால் முள்ளைச் சுற்றி அந்தச் செல்கள் மொய்த்துக் கிடந்தன. என் குதிகாலில் நடந்தது அதுவேதான். இதற்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு. பாதியைப் பால் எர்லிக்கோடு பகிர்ந்துகொண்டார், ஆன்டிபாடிப் பக்கம் நின்று, செல்கள்தான் காக்கின்றன என்ற மெச்னிகாஃப் தரப்போடு மல்லுக்கட்டிய கட்சியின் ஆள் அவர்.

சரி, கிருமி என்று அந்தச் செல்லுக்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் வர இன்னும் நூறு வருஷம் ஆனது. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கூடு வாங்க வருகிறவருக்கு இது எந்த ஊர்க் கூடு, யார் வளர்த்தது என்று தெரியாது. கையில் அள்ளுவார், அழுத்திப் பார்ப்பார், காதோரம் ஆட்டிப் பார்ப்பார், முடிந்தது. ஆளைத் தெரியாது, ரகம் தெரியும். இயல்பு எதிர்ப்பும் அப்படித்தான், ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாக அறியாது. ஆனால் பாக்டீரியாவின் சுவரில் இருந்தே தீர வேண்டிய, நம் உடம்பில் எங்குமே இல்லாத சில பொருள்களைத் தடவிக் கண்டுபிடித்துவிடும். சுவர்ச் சர்க்கரைகள், சில ரகங்களின் வெளிப்பூச்சு, நீந்துவதற்கு வைத்திருக்கும் வாலின் புரதம், பூஞ்சையின் சுவர் என்று பட்டியல் குறைவுதான். அவற்றை மாற்றிக்கொண்டால் கிருமிக்கே பிழைப்பு கஷ்டம் என்பதால் ஒளித்துவைப்பது அதற்கு எளிதில்லை.

இப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று 1989-இல் அமெரிக்காவின் சார்லஸ் ஜேன்வே வாதம் வைத்தார். சுத்தமான புரதத்தை மட்டும் ஊசியில் போட்டால் எதிர்ப்பு சரியாக எழுவதில்லை, அதோடு செத்த பாக்டீரியாத் துணுக்கோ படிகாரம் மாதிரி ஒரு அலுமினிய உப்போ கலந்தால்தான் உடம்பு கண்டுகொள்கிறது. இதை எல்லோரும் செய்கிறோம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை என்று தன் துறையையே குத்திக் காட்டினார். 1996-இல் பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, டோல் என்ற மரபணு கெட்டுப்போன பழ ஈக்களுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் திறனே இல்லை என்று காட்டியது. உடம்பெல்லாம் பூஞ்சை முளைத்துச் செத்துக் கிடக்கும் ஈயின் படம் இந்தத் துறையில் பிரசித்தம். அடுத்த வருஷம் ஜேன்வேயும் ருஸ்லான் மெட்ஜிடோவும் அதே ரக மரபணு மனிதர்களிடமும் இருப்பதைக் கண்டார்கள், 1998-இல் புரூஸ் பியூட்லர் எலிகளில் அது பாக்டீரியாவின் எந்தப் பொருளை உணர்கிறது என்று நிரூபித்தார். நமக்கு இந்த வகை உணரிகள் 10. ஆன்டிபாடிகளின் வகை கோடிக்கணக்கில் போகும் என்றால் இங்கே வெறும் பத்து, கூட இன்னும் சில குடும்பங்கள், அவ்வளவுதான் மூலதனம். 2011-இல் ஹாஃப்மனுக்கும் பியூட்லருக்கும் நோபல் கிடைத்தது. ஜேன்வே 2003-இலேயே இறந்துவிட்டார், அது ஒரு குறைதான்.

அப்புறம் அந்தச் சலம். மேக்ரோபேஜ் விட்ட ஆள் அனுப்பு செய்தியைக் கேட்டு ரத்தத்தில் போய்க்கொண்டிருந்த நியூட்ரோபில் என்கிற வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, இடுக்கில் நுழைந்து வெளியே வருகின்றன. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது, ஒவ்வொன்றின் ஆயுளும் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். விழுங்கும், உள்ளே சலவைத்தூள் மாதிரி எரிக்கிற ரசாயனங்களை ஊற்றிக் கொல்லும், வேறு வழியில்லை என்றால் தன் டிஎன்ஏவையே வலை மாதிரி வெளியே விரித்துக் கிருமிகளைச் சிக்கவைத்துவிட்டுச் செத்தும் போகும். இந்த வலை விஷயம் 2004-இல்தான் தெரிய வந்தது. செத்த நியூட்ரோபில்களும் செத்த பாக்டீரியாவும் கரைந்த சதையும் சேர்ந்ததுதான் சலம், அதில் சில சமயம் தெரிகிற பச்சை கூட அந்தச் செல்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் 82 சதவீதம் என்று இருந்தது, வழக்கமாக 40-இலிருந்து 70-க்குள் இருக்கும். கவுன்ட் ஏறியிருக்கு என்று அந்தத் தம்பி சொன்னதன் அர்த்தம், மஜ்ஜை கூடுதல் ஆளை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பது.

நெறி கட்டினால் ஊரில் பயப்படுவார்கள், புண் ஆறினால் நெறி தானாகக் கரையும் என்றும் சொல்வார்கள். இரண்டாவது பெரும்பாலும் சரி. டென்ட்ரைடிக் செல் என்று ஒரு ரகம் இருக்கிறது. அது புண்ணில் கிடைத்த கிருமித் துணுக்கை எடுத்துக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியாக தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்கு, அதாவது நெறி கட்டுகிற இடத்துக்குப் போய், அங்கே காத்திருக்கும், ஆன்டிபாடி செய்வதும் கிருமியை ஞாபகம் வைப்பதுமான நினைவுப் பிரிவு ஆட்களிடம் "இந்தா, இதைப் பார்" என்று காட்டுகிறது. பொருந்துகிற செல்கள் பெருக ஆரம்பித்தால் கணு வீங்கும். முதலில் ஓடி வந்தவர்கள் பின்னால் வருகிறவர்களிடம் விஷயத்தை ஒப்படைக்கிற இடம் அது. இந்தச் செல்லைக் கண்டுபிடித்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்கும் அதே 2011 நோபலில் பங்கு, ஆனால் அறிவிப்பு வருவதற்கு மூன்று நாள் முன்பு அவர் இறந்துவிட்டிருந்தார். குழுவுக்கு அது தெரியாது, பரிசை மாற்றவில்லை.

டிடி ஊசி எதற்கு என்றால், டெட்டனஸ் விஷயத்தில் முதல் ஆட்களை நம்பி உட்கார முடியாது. அந்தப் பாக்டீரியா காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயத்தில் அடங்கி உட்கார்ந்துகொண்டு நஞ்சை மட்டும் வெளியே விடும், அந்த நஞ்சைப் பிடிக்க ஆன்டிபாடிதான் வேண்டும். பெரியம்மாவின் விஷப் பேச்சு இங்கே மட்டும் அட்சர சுத்தமாகப் பொருந்தும்.

காய்ச்சலுக்கு வருகிறேன். சைட்டோகைன்கள் ரத்தத்தில் கூடினால் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் புராஸ்டாகிளான்டின் என்ற பொருள் சுரந்து, உடம்பு எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்கிற அளவையே மேலே ஏற்றிவிடுகிறது. 37 டிகிரியில் நன்றாக இருக்கும் உடம்பைப் பார்த்து "இது பத்தாது, 39 வேண்டும்" என்றால் உடம்புக்குக் குளிராமல் என்ன செய்யும்? நடுக்கம் சூட்டை உண்டாக்குவதற்கு, கம்பளி அதைக் காப்பதற்கு. பாராசிட்டமால் அந்தச் சுரப்பைக் குறைக்கிறது, அளவு பழையபடி இறங்குகிறது, இப்போது இருக்கிற சூடு அதிகமாகத் தெரிவதால் வேர்த்துக் கொட்டி விடுகிறது. பசி போவது, களி தொண்டையில் இறங்காதது, அடித்துப் போட்ட மாதிரி வலி, எங்காவது சுருண்டு கிடக்கலாம் என்ற எண்ணம் எல்லாமே அதே சைட்டோகைன்களின் வேலை. சூட்டால் நன்மை உண்டா என்று கேட்டால், 1975-இல் அமெரிக்காவில் பாலைவன ஓணான் வகை ஒன்றை வைத்துச் செய்த சோதனை இன்றுவரை பேசப்படுகிறது. தானாக உடம்பைச் சூடாக்கத் தெரியாத பிராணி அது. பாக்டீரியாவை ஏற்றியதும் சூடான இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தது, சூட்டுக்குப் போகவிடாமல் வைத்திருந்தவற்றில்தான் அதிகம் செத்தன. அதற்காகக் குழந்தைக்கு 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது தத்துவம் பேசிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை.

இவ்வளவும் இருந்தும் நினைவுப் பிரிவு சுத்தமாக இல்லாத ஒரு உடம்பு எப்படிப் பிழைக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பெரியம்மாவின் புழு வளர்ப்பு மனைக்குத்தான் வர வேண்டும். பட்டுப்புழுவுக்கு ஆன்டிபாடி கிடையாது, எந்தப் பூச்சிக்கும் கிடையாது. இயல்பு எதிர்ப்பு ஒன்றை வைத்துக்கொண்டே வண்டி ஓட்டுகின்றன. அதனால்தான் பால் நோய்க்கோ சுண்ணாம்புக்கட்டி நோய்க்கோ ஆன்டிபாடியை எழுப்புகிற நம் மாதிரித் தடுப்பூசி கிடையாது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிரும் ஈரமும் சேர்ந்தால் புழு விறைத்துச் சுண்ணாம்புக் குச்சி மாதிரி ஆகிவிடுமே, அந்தப் பூஞ்சையைத்தான் 1835-இல் இத்தாலியின் அகஸ்டினோ பாஸி படித்து, நோய் நுண்ணுயிரால் வரலாம் என்று பாஸ்டருக்கு முன்பே சொன்னார். இன்றைக்கும் மனையைக் கழுவி, கிருமிநாசினி அடித்து, படுக்கையில் பொடி தூவி, வாசலில் சுண்ணாம்பு மிதித்து உள்ளே போவதுதான் மருந்து.

பட்டுப்புழுவின் மேல் முட்டையிடுகிற ஊசி ஈ தாக்கிய புழுவின் மேல் கறுப்புப் பொட்டு இருக்கும், பார்த்ததும் பொறுக்கி எறிவார்கள். அந்தக் கறுப்பு ஈயுடையது இல்லை, புழுவின் எதிர்ப்பு. காயம் பட்ட இடத்திலும் கிருமி புகுந்த இடத்திலும் மெலனினைக் கொட்டி அடைத்துவிடப் பார்க்கிறது. ஜப்பானில் மசாக்கி அஷிதாவின் குழு இந்தக் கறுப்பு எப்படிக் கிளம்புகிறது என்று தேடிப்போய், பாக்டீரியாச் சுவரை உணரும் புரதம் ஒன்றை 1996-இல் பட்டுப்புழுவின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது. அதன் உறவுக்காரப் புரதங்கள் நம் உடம்பிலும் இருக்கின்றன. இதில் விசித்திரம், ஊசி ஈ சேர்ந்த ஈக் குடும்பத்தில் புழுவுக்குள் வளரும் முட்டைப்புழு, தன்னை மூட வரும் அந்த அடைப்பையே குழாய் மாதிரி ஆக்கி அதன் வழியாக வெளிக்காற்றைச் சுவாசிக்கிறது. தீயணைக்க வந்தவர்கள் கொண்டு வந்த ஏணியில் திருடன் ஏறிய மாதிரி.

வைரஸ் வந்தால் கதை கொஞ்சம் மாறும், ஏனென்றால் அது செல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. பாதிக்கப்பட்ட செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளை விட்டு அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டது. கொரோனாவில் நிறையப் பேருக்கு இது சத்தமில்லாமல் வேலை செய்து முடித்துவிட்டது. உயிருக்குப் போராடியவர்களில் பத்தில் ஒருவருக்காவது தன் இன்டர்ஃபெரானையே முடக்குகிற ஆன்டிபாடி இருந்தது 2020-இல் தெரிந்தது. ஆரம்பத்தில் இது கோட்டைவிட்டால் பின்னால் மேக்ரோபேஜ் கூட்டம் அளவு மீறி இறங்கி நுரையீரலையே வதைக்கிறது. அந்தக் கட்டத்தில் ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களைக் காப்பாற்றியதாக நிரூபணமான மலிவு மருந்து டெக்ஸாமெத்தசோன், அது எதிர்ப்பைக் கூட்டுகிற மருந்து இல்லை, அடக்குகிற மருந்து. எதிர்ப்புச் சக்தியை ஏற்றுகிறோம் என்று பொடியும் பானமும் விற்கிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: எதை, எப்போது ஏற்றுகிறீர்கள்? நியூட்ரோபிலையா, இன்டர்ஃபெரானையா, முதல் நாளா, பத்தாம் நாளா?

அணைக்க முடியாத தீக்கு கிருஷ்ணகிரியில் தூரம் போக வேண்டாம். கிரானைட் குவாரியிலும் ஜல்லி கிரஷரிலும் பறக்கிற தூளில் குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமம் இருக்கிறது. நுண்ணிய தூள் மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும், அங்கே காவலிருக்கும் மேக்ரோபேஜ் பாக்டீரியாவை விழுங்குவது மாதிரியே அதையும் விழுங்கும். செரிக்காது. கல் எப்படிச் செரிக்கும்? துகள் செல்லின் செரிமானப் பையைக் கிழிக்கிறது, உள்ளே ஆபத்து மணி அடிக்கிறது, அழற்சிச் செய்தி வெளியே போகிறது, செல் சாகிறது, விழுந்த துகளை அடுத்த மேக்ரோபேஜ் வந்து விழுங்குகிறது. கிருமி ஒன்றுகூட இல்லாமல் வருஷக்கணக்கில் இதுவே திரும்பத் திரும்ப நடந்து நுரையீரல் தழும்பாக இறுகுவதுதான் சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பிறகும் அது வளரலாம், திருப்பிச் சரியாக்கும் மருந்து இல்லை. போதாததற்கு, காசநோய்க் கிருமியை அடக்கிவைக்க வேண்டியதும் இதே மேக்ரோபேஜ்தான் என்பதால் சிலிக்கோசிஸ் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரிகிற தூள்தான் நிற்கும், ஆளைக் கொல்கிற தூள் கண்ணுக்கே தெரியாது. துளை போடும்போது தண்ணீர் விட்டு அடித்தால் தூள் கிளம்புவதே வெகுவாகக் குறையும். குவாரியில் வேலை பார்த்தவருக்கு, அது பத்து வருஷம் முன்பாக இருந்தாலும் சரி, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் டாக்டரிடம் இருமலைச் சொல்வதற்கு முன் "கல்லு வேலை பார்த்தேன்" என்பதைச் சொல்ல வேண்டும். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் சரியாகப் படிக்கப்படும்.